ரஸ்ஸல் என்ற பெயரும் நம் கொள்ளுத்தாத்தா பெயரும்



கேமரன் மலையைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, ‘போ’ தேயிலைத் தோட்டத்தை 1929-இல் தொடங்கியவர் ஜோன் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்று எழுதிப் போடுவோம். மாணவர்களும் அப்படியே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். ஒரு நாள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். “சார், அவரு பேரு ஜோன்தானே? அப்புறம் ஏன் எல்லாரும் ரஸ்ஸல்னே சொல்றாங்க? ரஸ்ஸல் அவங்க அப்பா பேரா?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடினால் வரலாறும் வரும், இலக்கணமும் வரும், நம் வீட்டுக் கதையும் வரும்.

ரஸ்ஸல் என்றால் என்ன?

ரஸ்ஸல் என்பது குடும்பப் பெயர். அப்பாவுக்கும் அதே பெயர், தாத்தாவுக்கும் அதே பெயர், பிள்ளைக்கும் அதே பெயர். பழைய பிரெஞ்சு மொழியில் ‘ரூஸ்’ என்றால் சிவப்பு. அதோடு செல்லமாகச் சொல்லும் ஒரு விகுதி சேர்ந்து ‘ரூஸல்’ ஆனது. நம் பேச்சில் சொன்னால் ‘செவப்பன்’. செம்பட்டை முடியோ சிவந்த முகமோ உள்ளவரை ஊரார் அப்படிக் கூப்பிட்டார்கள். 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அவர்கள் பேசிய பிரெஞ்சு வழியாக இந்தப் பெயர் அங்கே பரவியது. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதையில் வரும் நரிக்கு ரஸ்ஸல் என்றே பெயர் வைத்தார். நரியின் நிறம் செம்மைதானே!

முதலில் இது ஓர் ஆளுக்கு மட்டும் உரிய பட்டப்பெயர். பிறகு அரசு வரிப் பதிவேடு எழுத ஆரம்பித்தது. அப்பாவின் நிலம் மகனுக்குப் போனபோது, இன்னாருடைய வாரிசு என்று காட்ட வேண்டியிருந்தது. ஒரே ஊரில் பத்து ஜோன் இருந்தால் எந்த ஜோன் என்று எப்படித் தெரியும்? அதனால் பட்டப்பெயரும் சொத்தோடு சேர்ந்து மகனுக்குப் போனது. மகனுக்குக் கறுப்பு முடி இருந்தாலும் அவன் ரஸ்ஸல்தான். 1400-ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் நிலைத்துவிட்டது.

நான்கு வழிகள்

பிரிட்டனின் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் பிறந்தவை.

1. தொழில்: இலங்கையில் 1867-இல் லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர். டெய்லர் என்றால் தையற்காரர். அவர் துணி தைத்தவர் அல்லர். முன்னோரில் யாரோ ஒருவர் தைத்திருப்பார்.

2. இடம்: 1925-இல் கேமரன் மலைக்கு வந்து பார்த்து, அதை மலைவாழிடமாக உருவாக்க முனைந்தவர் சர் ஜோர்ஜ் மேக்ஸ்வெல். ஸ்காட்லாந்தின் டுவீட் ஆற்றில் உள்ள ஒரு மடுவின் பெயரிலிருந்து வந்தது மேக்ஸ்வெல்.

3. தந்தை: ஜோனின் மகன் ஜோன்சன்.

4. பட்டப்பெயர்: ரஸ்ஸல்.

அப்படியென்றால் கேமரன்? 1885-இல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர்தான் மலைக்கு வந்தது. வெள்ளைக்காரர் பெயர் என்பதால் ஆங்கிலப் பெயர் என்று எழுதிவிடாதீர்கள். அது ஸ்காட்லாந்துப் பெயர். அங்குள்ள கேலிக் மொழியில் ‘வளைந்த மூக்கு’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அதுவும் பட்டப்பெயர்தான்.

இலக்கணப் பாடத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ரஸ்ஸல் காரணப்பெயராகப் பிறந்தது. இன்று அந்தக் காரணம் மறந்துபோய், இடுகுறிப்பெயர் போல வழங்குகிறது.

நம்மிடம் இல்லையா?

இருந்தது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்ற பெயரைப் பாருங்கள். மதுரையும் சீத்தலையும் இடம், கூலவாணிகன், அதாவது தானிய வணிகர், தொழில், சாத்தன் இயற்பெயர். ஆனால் அவருடைய பிள்ளை கூலவாணிகன் என்றே அழைக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்னாளில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது சாதிப் பட்டம். அதையும் விட்டுவிட வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. ‘போ’ தோட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

இன்று மலேசியாவில் நம் பெயருக்குப் பின்னால் ஏ/எல் அல்லது ஏ/பி போட்டு அப்பா பெயரை எழுதுகிறோம். கவிதா ஏ/பி முருகன் என்றால் முருகன் அப்பா, அவ்வளவுதான். கவிதாவின் பிள்ளைகள் பெயரில் முருகன் வரமாட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைப் பார்த்து மாணவர்கள் குழம்புவது இதனால்தான். அதில் அப்பா பெயரைப் போட்டால் ‘மிஸ் முருகன்’ என்று கடிதம் வரும். பதறவேண்டாம். பெயரின் எழுத்துக்கூட்டல் மட்டும் கடப்பிதழில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் இருக்கட்டும்.

ரஸ்ஸல் என்ற பெயருக்கு ஆயிரம் ஆண்டு ஆயுள் கிடைத்தது. நம் பெயர்முறையில் அப்பாவோடு நின்றுவிடுகிறது. யாருக்கும் யாருடைய சாதியும் பெயரில் தெரியாமல் இருப்பது நமக்குக் கிடைத்த நன்மை. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. கேமரன் மலையில் காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களில் நம் முன்னோர் ஏராளம். மலைக்குக் கேமரன் பெயர் நிற்கிறது. தோட்ட வரலாற்றில் ரஸ்ஸல் பெயர் நிற்கிறது. நம் கொள்ளுத்தாத்தா பெயர் செக்ரோலில் ஒரு வரியாக இருந்திருக்கும். அந்த ஏடு போனால் பெயரும் போச்சு.

அன்று கேள்வி கேட்ட பிள்ளையிடம், “சரிம்மா, உங்க கொள்ளுத்தாத்தா பேரு என்னா?” என்று கேட்டேன். யோசித்தாள். தெரியவில்லை. அந்த வகுப்பில் யாருக்குமே தெரியவில்லை.

வகுப்பில் செய்து பாருங்கள்

1. மாணவர் தம் பெயர், அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என நான்கு பெயர்களை எழுதட்டும். அம்மா வழிப் பெயர்களையும் எழுதட்டும்.

2. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊர், தோட்டம், செய்த வேலை ஆகியவற்றைக் குறிக்கட்டும். தெரியாத கட்டத்தை வெறுமையாக விட்டு, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு நிரப்பி வரட்டும்.

3. கிடைத்த பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று பிரிக்கட்டும்.

நான் கொடுத்த தாள் மறுநாளே திரும்பி வந்தது. பாட்டி சொல்லச் சொல்ல எழுதியதாம். கொள்ளுத்தாத்தாவின் பெயரோடு, ஊரார் அவரைக் கூப்பிட்ட பட்டப்பெயரும் அதில் இருந்தது: செவத்தான். “சார், நம்ம ரஸ்ஸல்!” என்றாள்.

பாட்டி தாத்தா இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.