மழை பொய்த்த ஆண்டில் மாடு விற்பது எப்போது?

மழை பொய்த்தால் பயிர் வாடுவதை எல்லோரும் காண்கிறோம். பட்டியில் நிற்கும் மாட்டைப் பற்றிய கவலையோ வளர்ப்பவர் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. எந்த மாட்டை விற்பது, எப்பொழுது விற்பது, எதை எப்பாடு பட்டேனும் காப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கு அவர் விடை கண்டாக வேண்டும். காங்கயம் மாடு வளர்க்கும் கொங்கு நாட்டின் நிலையைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில் மாட்டுக்கு உயிர்நாடி கொறங்காடு. கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் மானாவாரி மேய்ச்சல் நிலம் அது. மழை உண்டெனில் புல் உண்டு. இல்லையெனில் சோளத்தட்டுப் போரே துணை. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய மழை சுமார் 168 மில்லிமீட்டரே பெய்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

இத்தகைய ஆண்டில் தீவன விலை ஏறுகிறது. அதே வேளையில் மாட்டு விலை இறங்குகிறது. காரணம் வெளிப்படை. எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டி வருகிறார்கள்; வாங்கிக் கட்ட எவரிடமும் புல் இல்லை. மழை பெய்தபின் நிலைமை தலைகீழாகிறது. விற்றவர் அனைவரும் வாங்க வருவதால் விலை உயர்கிறது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு டெக்சாஸைத் தாக்கிய கடும் வறட்சியில் பெருமந்தைகள் கலைக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நாட்டு மாடுகளின் தொகை 1951க்குப் பிற்பட்ட காலத்தில் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. அவ்வாண்டிலேயே மாட்டு விலை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது.

ஆதலின் முதலில் விற்கத்தக்கவை எவை? நெசவாள அங்கத்தினர் இதனை எளிதில் உணர்வர். முடை வந்தால் துணியை விற்கலாம். தறியை விற்றால் நாளை நெய்வது எதில்? காளைக்கன்று துணியைப் போன்றது. ஈனும் பசு தறியைப் போன்றது. மலட்டு மாடு, ஈற்று ஓய்ந்த மாடு, உபரியான காளைக்கன்று ஆகியவற்றை முதலில் கழிக்க வேண்டும். இளம் சினைப்பசுவையும் நல்ல கிடாரியையும் இறுதிவரை காக்க வேண்டும். ஒரு கிடாரிக்கன்று வளர்ந்து முதல் ஈற்றுக்கு வர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஓர் ஆண்டின் வறட்சியில் கைவிட்ட வர்க்கத்தை மறு ஆண்டின் மழை திருப்பித் தருவதில்லை.

எப்பொழுது விற்பது என்பதற்குப் போரை அளந்து பார்ப்பதே வழி. ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 8 கிலோ உலர்தீவனம் எனக் கொள்வோம். மார்கழி முதல் கோடை மழை வரை 150 நாட்களுக்கு அதற்கு 1,200 கிலோ வேண்டும். பத்துப் பசு உடையவரிடம் 7,200 கிலோ தட்டு இருந்தால் ஆறு பசுவையே காக்க முடியும். மற்ற நான்கையும் மார்கழியிலேயே விற்பது நலம். மாசி வரை பொறுத்தால், நான்கும் மெலிந்து விலை குறைவதோடு, ஆறுக்கு உரிய தீவனத்தையும் தின்று தீர்த்திருக்கும். சித்திரை மாதத்துக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நல்ல மாடு தேடி வெளியூரார் வருவது உண்மையே. ஆயினும் அதுவரை உடல் வாடாமல் வைத்திருக்கத் தீவனம் உள்ளவருக்கே அச்சந்தையால் பயன்.

கணக்குத் தெரிந்தும் காலந்தாழ்த்துவோர் பலர். மாட்டின் மீதுள்ள பாசம் ஒரு காரணம். நாளை மழை வரும் என்னும் நம்பிக்கை மற்றொன்று. வேறு சிலரோ கடன் தவணைக்காக, கேட்ட மாத்திரத்தில் விலைபோகும் சிறந்த பசுவையே முதலில் விற்றுவிடுகிறார்கள். இவர்களது இழப்பே மிகப் பெரிது.

இங்கேதான் கூட்டுறவின் பயன் விளங்குகிறது. தனியொருவர் பஞ்ச காலத்தில் தட்டு வாங்கினால் கேட்ட விலை கொடுக்க நேரும். சங்கமாகச் சேர்ந்து அறுவடைக் காலத்திலேயே வாங்கிப் போரிட்டு வைத்தால் அந்நிலை வாராது. தவணைக்குச் சற்று அவகாசம் கிடைத்தால் தாய்ப்பசு பட்டியிலேயே நிற்கும். ஒவ்வோர் அங்கத்தினரும் கார்த்திகை முடிவில் தம் போரையும் பட்டியையும் கணக்கெடுத்துச் சங்கத்தில் தெரிவிப்பாராயின், எத்தனை மாடுகளுக்கு எவ்வளவு தீவனம் குறையும் என்பது முன்கூட்டியே புலப்படும். அக்கணக்கை இவ்வாண்டே தொடங்குவோமாக.