பையைக் காக்கும் உம்மாவுக்கும் விடுமுறை வேண்டும்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது எங்கள் அரிப்பு, சிலாவத்துறைப் பக்கத்திலும் மலேசியப் பயணப் பேச்சு அடிபடுகிறது. எந்த தீம் பார்க் என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். எந்த ஹோட்டல் என்பதை விலையைப் பார்த்து வாப்பாமார் முடிவு செய்கிறார்கள். அங்கே போனபின் பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உம்மாமார்தான்.

நானும் அப்படி உட்கார்ந்தவள். உள்நாட்டு ஹோட்டல் ஒன்றில், முழு உடலையும் மறைக்கும் நீச்சலாடையோடு குளத்தில் இறங்க முடியாது என்று போன பிறகுதான் சொன்னார்கள். பணம் கட்டுமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு இடம் போயிருப்போம். ஆகவே முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உணவு. "பன்றி இறைச்சி இல்லை" என்ற அறிவிப்பு ஹலால் சான்றிதழ் ஆகாது. மலேசியாவில் ஜாகிம், இலங்கையில் 2014 முதல் ஹலால் அங்கீகாரப் பேரவை சான்றிதழ் வழங்குகின்றன. ஒரே ஹோட்டலில் பல உணவகங்கள் இருந்தால், சான்றிதழ் ஒன்றுக்கு மட்டும் இருக்கலாம். காலை உணவு எந்தச் சமையலறையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

மூன்றாவது, தூரம். கோலாலம்பூருக்கு அருகே சன்வே லகூனை ஒட்டியே ஹோட்டல்கள் இருக்கின்றன. நடந்து போகும் தூரம் என்றால், வயதான உம்மாவும் கைக்குழந்தையும் நண்பகலில் அறைக்குத் திரும்பி, லுஹர் தொழுது, சற்றுத் தூங்கலாம். தூரத்து ஹோட்டலில் மிச்சம் பிடிக்கும் காசு பெரும்பாலும் டாக்சிக்கே போய்விடும். வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் மீண்டும் உள்ளே விடுவார்களா என்பதையும் விசாரியுங்கள்.

நான்காவது, சூழல். கெந்திங் மலை சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூட்டுவலிக்காரருக்கு அந்தக் குளிர் ஒத்துவராமல் போகலாம். அங்குள்ள ஒரு ஹோட்டலில் மட்டும் 7,000க்கு மேற்பட்ட அறைகள் இருப்பதால் கூட்டத்துக்கும் குறைவில்லை. அதே வளாகத்தில் சூதாட்டக் கூடமும் உண்டு. முஸ்லிம்கள் அதில் நுழைவதற்குச் சட்டப்படி தடை இருந்தாலும், வளர்ந்த பிள்ளைகளோடு அங்கு தங்குவதா, காலையில் போய் மாலையில் திரும்புவதா என்பதைப் பேசி முடிவெடுங்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் என்றால் ஜொகூரில் உள்ள லெகோலாண்ட் பொருந்தும். அது 2 முதல் 12 வயதுவரை உள்ளவர்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டது.

ஐந்தாவது, அறை. 'அடுத்தடுத்த அறைகள்' என்பது வேறு, 'இடையில் கதவுள்ள அறைகள்' என்பது வேறு. பத்து வயதைத் தாண்டிய மகனும் மகளும் இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதுதான் வசதி. மலேசிய ஹோட்டல்கள் பலவற்றில் கூரையிலேயே கிப்லா அம்புக்குறி இருக்கும். மற்ற நாடுகளில் முசல்லாவையும் திசைகாட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இந்த ஐந்தையும் வீட்டில் எல்லோரையும் இருத்திப் பேசுங்கள். முதலில் உம்மாவிடம், "உங்களுக்கு அங்கே என்ன செய்ய விருப்பம்?" என்று கேளுங்கள். "எனக்கென்ன, நீங்கள் சந்தோஷமாக இருந்தால் போதும்" என்பார். அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள், இன்னொரு முறை கேளுங்கள்.