பாரம் தூக்கலாம், மூச்சை அடக்காமல்

மஹய்யாவயில் நம்மில் பலருக்கு வீடு போய்ச் சேரப் படியேற வேண்டும். கையில் அரிசிப் பை. இடையில் ஒரு தும்மல் வந்தால் சில சொட்டுச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. வுழூ முறிந்த கவலை ஒரு பக்கம், வெட்கம் மறுபக்கம். "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். பாரம் தூக்கவும் உடற்பயிற்சி செய்யவும் பயப்படுகிறோம்.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பம், பிரசவம், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவை இவற்றைத் தளர்த்துகின்றன. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் வயிற்றின் அழுத்தம் இவற்றின் மீதே இறங்கும்.

தளர்ந்த தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம் என்று 1948இல் அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கெகல் எழுதினார். வாயுவை அடக்குவது போலத் தசையை உள்ளே மேல்நோக்கி இழுங்கள். சில வினாடிகள் பிடித்து, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு 8 முறை, நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதங்கள் செய்ய வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழக வேண்டாம்.

பிறகு மெதுவாகப் பாரத்துக்கு வரலாம். கதிரையில் உட்கார்ந்து எழும்புவதில் தொடங்குங்கள். அடுத்து, கைக்கு ஒன்றாக 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தல். தூக்குமுன் தசையை இறுக்கி, தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். அரிசிப் பைக்கும் இதே முறைதான். கசிவோ, கீழே கனமோ, வலியோ தெரிந்தால் பாரத்தைக் குறையுங்கள். குதிக்கும் பயிற்சிகளைத் தள்ளி வையுங்கள்.

ஏதாவது வெளியே தள்ளுவது போலிருந்தாலோ, சிறுநீரில் இரத்தம் அல்லது எரிவு இருந்தாலோ, வலி நீடித்தாலோ வைத்தியரைப் பாருங்கள். சிலருக்குத் தசை தளராமல் இறுகியிருக்கும். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டலாம். அதை இயன்மருத்துவர் பார்த்துச் சொல்வார். 35 வயதைக் கடந்தவர்களுக்காக 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கிலும் இதைச் சொல்லலாம். எங்கே, எந்த நாளில் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

ஓயாமல் சிறுநீர் கசிபவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. அதன் விபரத்தை உலமாக்களிடம் கேட்டறியுங்கள். அந்தச் சலுகை தொழுகை தவறாமல் இருக்கத்தான். வைத்தியத்தைத் தள்ளிப்போட அதைக் காரணமாக்க வேண்டாம், சகோதரிகளே.