உரிமம் கேட்காத இடத்தில் அங்கதம்

பிரதமரையும் அமைச்சரையும் பெருநிறுவனத் தலைவரையும் பெயர் சொல்லிக் கேலி செய்யும் வாராந்தர நிகழ்ச்சி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சியின் வழக்கமான வகைகளில் ஒன்றாகிவிட்டபோதிலும், மலேசியாவின் பெரிய அலைவரிசைகளில் அத்தகைய நிகழ்ச்சி வேரூன்றியதே இல்லை. மலாய், தமிழ், சீன மொழிகளில் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு அங்கே குறைவில்லை என்பதாலும், கேலிச்சித்திரத்திலும் நாடக மேடையிலும் இணையத்திலும் மலேசியக் கலைஞர்கள் காட்டிய கூர்மை உலக விருதுகளைப் பெற்றிருப்பதாலும், திறமைக் குறைவை இதற்குக் காரணமாகச் சொல்ல இயலாது. எந்த ஊடகம் யாருடைய அனுமதியின் பேரில் இயங்குகிறது என்று பார்த்தால்தான் இந்தப் புதிர் அவிழும். 2016 நவம்பரில் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் நடந்தவை அதற்குத் தக்க சான்று.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. குறையுடையவரை வெளிப்படையாகச் சாடுவது முன்னது. சாடலை வேறொன்றின் போர்வையில் மறைத்து வைப்பது பின்னது. இந்தப் பழைய பாகுபாடு இன்றைய ஊடகங்களுக்கும் பொருந்துகிறது. அனுமதி பெற்று இயங்கும் மேடையில் பழிகரப்பு தழைக்கிறது, செம்பொருளோ அனுமதி தேவைப்படாத இடத்தைத் தேடிக்கொண்டு போகிறது.

புரவலரின் முற்றத்தில்

பினாங்கில் கேலிக்கு நீண்ட மரபு உண்டு. சென்னை மாகாணப் படையணிகளோடு வந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களின் முஹர்ரம் வழக்கங்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கிளைத்ததாகக் கருதப்படும் ‘போரியா’ என்னும் கலை, முதலில் ஒரு சிறு நாடகமும், அதன்பின் பாட்டுக் கட்டும் தலைவர் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்கக் குழுவினர் திருப்பிப் பாடியாடும் பாடலுமாக அமைந்தது. ஊர் நடப்பையும் புதுப் பணக்காரரின் பகட்டையும் சீண்டிய இக்குழுக்கள் செல்வந்தர் வீட்டு முற்றங்களில் ஆடிப் பரிசு பெற்றவை என்பதால், பரிசளிப்பவரை எவ்வளவு தூரம் சீண்டலாம் என்ற எல்லை தொடக்கத்திலேயே அக்கலைக்குள் இருந்தது. விடுதலைக்குப் பின்னர் அரசியல்வாதிகளும் அரசுத் துறைகளும் புரவலர் இடத்துக்கு வந்தபோது, போட்டி மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்த போரியாப் பாடல்களில் அரசுப் பரப்புரையும் இடம்பிடித்தது.

தொலைக்காட்சி இதே உறவைப் பன்மடங்கு பெரிதாக்கியது. 1963 டிசம்பர் 28-ல் தொடங்கிய அரசுத் தொலைக்காட்சி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. 1984-ல் வந்த முதல் தனியார் அலைவரிசையான டிவி3, ஆளும் கூட்டணியின் முதன்மைக் கட்சியான அம்னோவுடன் தொடர்புடைய நிறுவனக் குழுமத்தின் கையில் இருந்தது. 1996-ல் வானவில் என்ற தமிழ் அலைவரிசையையும் சேர்த்துக்கொண்டு வந்த ஆஸ்ட்ரோ சந்தா வருமானத்தில் இயங்கியபோதிலும், அதன் ஒளிபரப்பு உரிமம் அரசின் கையிலேயே இருந்தது. இச்சூழலில் சின்னத்திரை தாராளமாக இடம் தந்தது பழிகரப்புக்குத்தான். பினாங்கில் 1929-ல் பிறந்த திரைக்கலைஞர் பி. ரம்லியின் ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ (1961), தன்னைத் தயாரித்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையத்தையே கதைக்களமாக்கி அங்குள்ள பந்தாக்களைக் கேலி செய்த படம். கதையின் போர்வை இருந்ததால் அது தலைமுறை தலைமுறையாகத் தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பாகிவருகிறது.

மேடை, தாள், இணையம்

பெயர் சொல்லும் கேலி வேறு இடங்களுக்கு நகர்ந்தது. 1971-ல் பினாங்கில் தொடங்கி நாட்டின் முன்னணி ஆங்கில நாளிதழாக வளர்ந்த ‘தி ஸ்டார்’ 1987 அக்டோபரில், ‘லாலாங் நடவடிக்கை’ எனப்படும் கூண்டோடு கைதுகளின்போது, வேறு இரண்டு இதழ்களோடு சேர்த்து உரிமம் பறிக்கப்பட்டுச் சில மாதங்கள் முடங்கிக் கிடந்தது. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின்படி நாளிதழ்கள் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால், ஆசிரியர்களுக்குத் தனியாகத் தணிக்கையாளர் தேவைப்படவில்லை. அந்த முடக்கத்துக்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1989-ல், ஜோ குகதாஸ், ஜித் முராட், ஸாஹிம் அல்பக்ரி, ஆண்ட்ரூ லெசி ஆகியோர் கோலாலம்பூரில் ‘இன்ஸ்டன்ட் கஃபே’ நாடகக் குழுவைத் தொடங்கினர். மக்கள் பிரதிநிதி ஒருவராக ஜோ குகதாஸ் ஏற்ற ‘ஒய்.பி.’ வேடம், மேடையில் சில நூறு பேர் முன்னிலையில் சொல்ல முடிந்தவை சின்னத்திரையில் சொல்ல முடியாதவையாக இருந்ததை எடுத்துக்காட்டியது.

இணையம் அதைவிடப் பெரிய திறப்பாக அமைந்தது எதிர்பாராத ஒரு காரணத்தால். வெளிநாட்டுத் தொழில்நுட்ப முதலீட்டை ஈர்ப்பதற்காக 1990-களின் நடுப்பகுதியில் பிரதமர் மகாதீரின் அரசு ‘மல்டிமீடியா சூப்பர் காரிடார்’ திட்டத்தை அறிவித்தபோது, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்ற வாக்குறுதியையும் அளித்தது. அந்த வாக்குறுதியின் நிழலில்தான் 1999 நவம்பரில் ஸ்டீவன் கானும் பிரமேஷ் சந்திரனும் ‘மலேசியாகினி’ செய்தித் தளத்தைத் தொடங்கினர். கேலிச்சித்திரக் கலைஞர் சுனாரின் படங்கள் நாள்தோறும் வாசகரைச் சேர்ந்ததும் அங்கேதான். தொலைக்காட்சிச் செய்தியறிக்கையின் பாணியிலேயே அரசியலைக் கிண்டலடித்த ‘பாப்டீவி’ காணொளிகளும் இந்த வெளியில் தோன்றின. அவற்றுள் ஒன்றை வழங்கியவர் நடிகர் ஃபாமி ஃபாட்சில். மலேசியாவின் நையாண்டித் தொலைக்காட்சி எனச் சொல்லத்தக்கது, ஆகவே, தொலைக்காட்சிக்கு வெளியேதான் பிறந்தது.

சட்டமும் கூடவே வந்தது. சுல்கிஃப்ளி அன்வார் ஹக் என்ற இயற்பெயர் கொண்ட சுனார் 2009-ல் தொடங்கிய கேலிச்சித்திர இதழ், உரிமம் இல்லை என்ற காரணத்தால் முதல் வெளியீட்டிலேயே பறிமுதல் செய்யப்பட்டது. 2010-ல் அவருடைய நூல்கள் தடை செய்யப்பட்டன, அதே ஆண்டு செப்டம்பரில் புதிய நூல் வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பாக அவர் கைதானார். நூல்கள் மீதான தடை சட்டத்துக்குப் புறம்பானது என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தபோதிலும், 2015-ல் எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிம் வழக்கின் தீர்ப்பை விமர்சித்த ட்விட்டர் பதிவுகளுக்காக அவர்மீது காலனி ஆட்சிக்காலத்து 1948-ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. எல்லாம் நிரூபிக்கப்பட்டால் அதிகபட்சத் தண்டனை 43 ஆண்டுச் சிறை. 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணம் பிரதமர் நஜிப்பின் கணக்குகளுக்குப் போனதாக 2015 ஜூலையில் செய்தி வெளிவந்தபின், அரசியல் அதிகாரமும் நிறுவன நிதியும் ஒன்றோடொன்று பிணைந்த அந்த ஊழலே சுனாரின் தூரிகைக்கு முதன்மைப் பொருளாயிற்று.

கொம்தாரில் நடந்தது

2016 நவம்பர் 25 அன்று, ஜார்ஜ்டவுன் இலக்கிய விழாவையொட்டி கொம்தார் கட்டடத்தில் அமைக்கப்பட்டிருந்த சுனாரின் கண்காட்சிக்குள் அம்னோ இளைஞர் பிரிவைச் சார்ந்த கூட்டம் ஒன்று புகுந்து ஆர்ப்பாட்டம் செய்து படங்களைச் சேதப்படுத்தியது. மறுநாள் காவல் துறை தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் சுனாரைக் கைது செய்தது. 2008 முதல் பினாங்கை ஆண்டுவந்தது நடுவண் அரசை எதிர்த்து நின்ற கூட்டணி. மாநில அரசின் தலைமை அலுவலகங்கள் இருந்ததும் கொம்தாரிலேயே. இருந்தும் அக்கட்டடத்தின் சுவரில் தொங்கிய படங்களைக் காக்க மாநிலத்தால் முடியாமற்போனது. ஏனெனில், கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை காவல் துறை, ஒளிபரப்பு, அச்சு வெளியீடு, தணிக்கை ஆகிய அனைத்தையும் நடுவண் அரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. பினாங்கு மக்கள் வாக்களித்து ஆட்சியை மாற்றலாம், விழா எடுக்கலாம், கண்காட்சிக்குச் சுவர் தரலாம். ஓர் அலைவரிசைக்கு உரிமம் தர அவர்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு அதிகாரம் இல்லை.

இணையத்துக்குத் தரப்பட்ட வாக்குறுதியும் இதே போலச் சுருங்கியது. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு, பிறரை எரிச்சலூட்டும் நோக்கத்தோடு புண்படுத்தும் உள்ளடக்கத்தை அனுப்புவதையே குற்றமாக்கியது. நஜிப்பைக் கோமாளி முகத்துடன் வரைந்த வடிவமைப்பாளர் ஃபாமி ரேசாவுக்கு இப்பிரிவின்கீழ் 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. ஆட்சி மாறியபின் உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனையை நீக்கி அபராதத்தை 10,000 ரிங்கிட்டாகக் குறைத்தது.

பணம் பிடிக்கும் கயிறு

அரசு உரிமத்தால் கட்டுகிறது என்றால் நிறுவனங்கள் விளம்பரத்தாலும் அவதூறு வழக்காலும் கட்டுகின்றன. பதிப்பு நிறுவனம் ஒன்று தம் தோழியை நடத்திய விதம் குறித்து ட்விட்டரில் எழுதிய ஃபாமி ஃபாட்சில், 2011-ல் சமரச உடன்பாட்டின்படி மூன்று நாள்களில் 100 முறை அதே தளத்தில் மன்னிப்புக் கேட்டது உலகச் செய்தியாயிற்று. ஒரு தனிமனிதரின் ஒற்றைப் பதிவுக்கே இந்த விலை என்றால், விளம்பரதாரரை நம்பியிருக்கும் அலைவரிசை பெருநிறுவனத்தைக் கேலி செய்யத் தயங்குவதில் வியப்பில்லை. அமெரிக்காவில் ஜான் ஆலிவரின் நிகழ்ச்சி 2017-ல் நிலக்கரி முதலாளி ராபர்ட் மர்ரியைக் கடுமையாகக் கிண்டலடித்தபோது அவர் தொடுத்த அவதூறு வழக்கு மறு ஆண்டே தள்ளுபடியானது. வழக்குச் செலவைத் தாங்கும் வலுவும், விளம்பரத்தை நம்பாமல் சந்தாவால் இயங்கும் வசதியும் அந்நிகழ்ச்சியை ஒளிபரப்பிய எச்பிஓவுக்கு இருந்தன. சந்தா மட்டும் போதாது என்பதற்கு ஆஸ்ட்ரோவே சான்று. சந்தா விளம்பரதாரரிடமிருந்து விடுவிக்கும், உரிமம் தருபவரிடமிருந்து விடுவிக்காது.

நெடிய சுதந்திர மரபுள்ள நாடுகளிலும் இந்தக் கயிறுகள் அறுந்துவிடவில்லை. பிபிசியின் முன்னோடி நையாண்டி நிகழ்ச்சி 1962 நவம்பரில் தொடங்கி, வரவிருந்த ஆண்டு தேர்தல் ஆண்டு என்ற காரணம் சொல்லப்பட்டு 1963 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் வெளிப்படையாக எச்சரித்தபின் ஏபிசி நிறுவனம் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை நிறுத்திவைத்தது. மக்களிடையே எழுந்த எதிர்ப்புக்குப் பின் ஒரு வாரத்துக்குள் அது திரும்பியது. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வேறுபாடு கயிறு இருப்பதிலோ இல்லாததிலோ இல்லை. அதை இழுப்பவர் எவ்வளவு எதிர்ப்பைச் சந்திக்க நேரும் என்பதில் இருக்கிறது.

2018 மே மாதத் தேர்தலில் நஜிப் தோற்றபின் சுனார்மீதான ஒன்பது குற்றச்சாட்டுகளும் அவ்வாண்டு ஜூலையில் கைவிடப்பட்டன. 2022 டிசம்பரில் ஃபாமி ஃபாட்சில் தொடர்புத் துறை அமைச்சரானார். ஒரு காலத்தில் இணையத்தில் செய்தியறிக்கையைக் கிண்டலடித்தவர் ஒளிபரப்புக்குப் பொறுப்பேற்றது மாற்றத்தின் அடையாளமாகத் தோன்றலாம். ஆயினும் தேச நிந்தனைச் சட்டம் நீக்கப்படவில்லை. 2024 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் 233-ஆம் பிரிவின் சொற்களைச் சற்று இறுக்கியபோதிலும் அபராதத்தின் உச்சவரம்பை 50,000 ரிங்கிட்டிலிருந்து 5,00,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. அதே மாதத்தில் ஃபாமி ரேசா சபா மாநில ஆளுநரைப் பற்றிய கேலிச்சித்திரத்துக்காக மீண்டும் விசாரணைக்கு உள்ளானார். ஆட்சியாளர் பெருந்தன்மையால் தரும் சலுகை அடுத்த ஆட்சியாளரால் திரும்பப் பெறத்தக்கது என்பதால், மலேசியத் தொலைக்காட்சியில் செம்பொருள் அங்கதம் எப்போது இடம் பெறும் என்பதைக் கலைஞர்களின் துணிவைக் கொண்டோ அமைச்சரின் நகைச்சுவை உணர்வைக் கொண்டோ கணிக்க இயலாது. உரிமத்தை வழங்கவும் பறிக்கவும் உள்ள அதிகாரம் அமைச்சின் கையிலிருந்து, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் சுதந்திர ஆணையம் ஒன்றின் கைக்கு மாறினால்தான், கேலிக்கு உள்ளாகிறவரிடமே அனுமதி கேட்டுக் கேலி செய்ய வேண்டிய நிலை முடிவுக்கு வரும்.