ஜப்பான் வீட்டைப் படிக்கக் கோடைதான் சரியான காலம்

தங்கச்சி பொண்ணு பி.ஆர்க். நாலாம் வருஷம் படிக்கிறாள். ஜூன் கடைசியிலிருந்து நாலு வாரம் கியோட்டோவில் தங்கி, ஜப்பானியக் கட்டடக் கலையும் வடிவமைப்பும் படிக்க ஒரு கோடை வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கடன் வாங்கித்தான் அனுப்பணும். அவளுக்கு ஒரே குழப்பம். "மாமா, எல்லாரும் செர்ரி பூக்கிற ஏப்ரல்ல போறாங்க, இல்லேன்னா இலை சிவக்கிற நவம்பர்ல போறாங்க. ஜூலையில அங்க வேர்த்து ஊத்துமாம். இவ்வளவு காசு போட்டு அப்ப போறது சரியா?" என்று கேட்டாள்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். கட்டடக் கலையை முறையாகப் படித்தவன் இல்லை. ஆர்வத்தில் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருப்பவன். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அழகான படம் எடுக்கணும் என்றால் ஏப்ரலில் போகலாம். அந்த வீடுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று தெரிஞ்சுக்கணும் என்றால் ஜூலைதான் சரி.

வெயிலுக்காகக் கட்டிய வீடு

கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. ஜூன், ஜூலையில் மழைக்காலம். அது முடிந்ததும் 35 டிகிரியைத் தாண்டும் வெயில், கூடவே காற்றில் ஈரம். 14ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த யோஷிதா கென்கோ என்ற துறவி, வீடு கட்டுகிறவர்கள் கோடையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று தன் கட்டுரைகளில் அறிவுரை சொல்லியிருக்கிறார். பழைய ஜப்பானிய மர வீட்டைப் பார்த்தால் அந்த அறிவுரை ஒவ்வொரு இடத்திலும் தெரியும்.

தரையைப் பாருங்கள். மண்ணிலிருந்து அரை மீட்டர் அளவுக்கு உயர்த்தி, அடியில் காற்று போக வழி விட்டிருப்பார்கள். ஈரம் மரத்தில் ஏறாமல் இருக்க அது வேணும். அடுத்து கூரை. சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீட்டியிருக்கும். இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கியோட்டோ 35 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21 வாக்கில் நடுப்பகலில் சூரியன் 78 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் 21 வாக்கில் சுமார் 32 டிகிரிதான். தெற்குப் பக்கம் 1 மீட்டர் நீட்டிய கூரை, கோடை நடுப்பகலில் சுவர்மேல் கிட்டத்தட்ட 4.8 மீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். குளிர்காலத்தில் அதே கூரை போடும் நிழல் 0.6 மீட்டர். அதாவது கோடையில் சுவர் முழுக்க நிழல். குளிரில் வெயில் அறைக்குள் வரும். மழைக்காலத்தில் இதே கூரை நனையாமல் காப்பதால், கதவைத் திறந்து போட்டுக்கொண்டே உட்காரலாம். அந்தக் கூரைக்குக் கீழே அறையை ஒட்டி ஓடும் மரப்பலகைத் தளத்துக்கு எங்காவா என்று பேர். அங்கே இருந்தால் பாதி வீட்டுக்குள்ளே, பாதி தோட்டத்திலே இருக்கிற மாதிரி.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கோடைக்காகத் திறந்த வீடு குளிரில் நடுங்க வைக்கும். அதனால்தான் அங்கே அறையைச் சூடாக்குவதை விட ஆளைச் சூடாக்கும் பழக்கம் வந்தது. கரி போட்ட ஹிபாச்சி சட்டி, போர்வை மூடிய கோதாட்சு மேசை எல்லாம் அந்த வகை.

சட்டை மாற்றும் வீடு

கோடையில் போனால்தான் பார்க்கக் கிடைக்கிற ஒன்று உண்டு. கியோட்டோவின் மாச்சியா என்ற பழைய வணிகர் வீடுகள் தெருப்பக்கம் குறுகி, உள்ளே நீளமாகப் போகும். அங்கே அதை 'விலாங்கு மீனின் படுக்கை' என்று சொல்வார்கள். பக்கத்து வீடு ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க முடியாது. அதற்காக நடுவில் ஒரு சின்ன முற்றத் தோட்டம், பின்னால் இன்னொரு தோட்டம். ஒன்றில் தண்ணீர் தெளித்தால் அங்கே காற்று குளிரும். இரண்டு பக்கத்துக்கும் வெப்ப வித்தியாசம் வந்ததும் நடுவில் உள்ள அறைகள் வழியாகக் காற்று நகரும்.

ஆனால் நடுவில் கதவு அடைத்திருந்தால் காற்று எப்படிப் போகும்? அதனால் ஜூன் வாக்கில் அறைகளுக்கு நடுவிலுள்ள ஃபுசுமா, ஷோஜி என்ற காகிதக் கதவுகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, நாணல் தட்டி போட்ட கதவுகளை மாட்டுவார்கள். தாதாமி பாய்க்கு மேலே பிரம்புப் பாய் விரிப்பார்கள். ஏப்ரலில் பார்க்கிறவருக்கு இது வேறு வீடு மாதிரி இருக்கும். ஜூலையில் ஜியோன் திருவிழாவின்போது சில பழைய வீடுகள் தெருப்பக்கத்து மரச்சட்டங்களைத் திறந்து, பரம்பரையாக வந்த ஓவியத் திரைகளை வைப்பார்கள். மற்ற நாளில் தெருவில் நிற்கிறவருக்குத் தெரியாத முன்னறை அப்போது கண்ணில் படும்.

கதவை இவ்வளவு சுலபமாகக் கழற்றி மாட்ட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அளவு. எங்கள் தொழிலில் சொல்வது மாதிரி, இரண்டு பாகம் சேரும் இடத்தின் அளவை முதலில் முடிவு பண்ணிவிட்டால், பாகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அங்கே அந்த வேலையைச் செய்வது தாதாமி. கியோட்டோ தாதாமி 1910 மி.மீ. நீளம், 955 மி.மீ. அகலம். டோக்கியோ பக்கம் சுமார் 1760க்கு 880. ஆறு பாய் அறை என்று இரண்டு ஊரிலும் சொல்வார்கள். பெருக்கிப் பார்த்தால் ஒன்று கிட்டத்தட்ட 10.9 சதுர மீட்டர், இன்னொன்று 9.3 தான்!

ஏன் இந்த வித்தியாசம்? கியோட்டோ, ஒசாகா பக்கம் பாயின் அளவை நிலையாக வைத்து, அதைச் சுற்றித் தூண் நிறுத்தினார்கள். டோக்கியோ பக்கம் தூணின் மையத்திலிருந்து அடுத்த தூணின் மையத்துக்கு அளந்து, மிஞ்சிய இடத்துக்குப் பாயை வெட்டினார்கள். முதல் முறையில் பாய் எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஒசாகாவில் வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் தங்கள் பாயையும் கதவையும் கூடவே கொண்டுபோன வழக்கம் இருந்தது. புத்தகத்தில் இதை ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டிவிடுவோம். தரையில் உட்கார்ந்து டேப்பு வைத்து அளந்தால் மறக்காது.

ஒரு கோடைக்கு வந்தவர்

கட்டடக் கலை படிக்காத ஒருவரையும் அவளுக்குச் சொன்னேன். எட்வர்ட் மோர்ஸ் அமெரிக்க விலங்கியலாளர். 1877 ஜூனில், பிராக்கியோபாட் என்ற கடலுயிரியைத் தேடி ஜப்பானுக்கு வந்தார். யோகோஹாமாவிலிருந்து டோக்கியோ போகும் ரயிலில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, ஓமோரியில் ஒரு பழங்காலச் சிப்பி மேடு கண்ணில் பட்டது. அதைத் தோண்டியதுதான் ஜப்பானில் நவீனத் தொல்லியலின் தொடக்கம் என்கிறார்கள். அதே கண்ணால் அவர் வீடுகளையும் பார்த்தார். கூரை, சமையலறை, கிணறு, கழிப்பறை என்று ஒன்றையும் விடாமல் தானே வரைந்து, சுமார் 300 படங்களோடு 1880களின் நடுவில் ஜப்பானிய வீடுகள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். இன்றும் அதை எடுத்துப் படிக்கிறார்கள். சிப்பியை எப்படி அளந்து வரைவாரோ அப்படித்தான் கதவுச் சட்டத்தையும் வரைந்தார்.

அதனால் அவளிடம் சொன்னது: போனில் படம் எடு, வேண்டாம் என்று சொல்லலை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மூலையையாவது அளந்து வரை. காலை, மதியம், சாயங்காலம் ஒரே எங்காவாவில் உட்கார்ந்து நிழல் எங்கே நிற்கிறது என்று குறி. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதே. இப்போதைய கோடை கென்கோ பார்த்த கோடை இல்லை, அங்கேயும் ஏ.சி. இல்லாமல் முடியாது. பழைய வீடு எவ்வளவு தூரம் தாங்குகிறது, எங்கே தோற்கிறது என்பதையும் எழுதி வை.

அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு

"இதையெல்லாம் கத்துக்கிட்டு வந்து இங்க என்ன பண்றது? காகிதக் கதவா வைக்க முடியும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் பாண்டிச்சேரியிலேயே நிற்கிறது. 1919 கடைசியில், டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டும் வேலைக்காக ஃபிராங்க் லாய்ட் ரைட்டோடு ஜப்பான் போனவர் அன்டோனின் ரேமண்ட். பிறகு அங்கேயே அலுவலகம் வைத்தார். 1930களில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக கோல்கொண்டே என்ற தங்குமிடத்தை அவர்தான் வடிவமைத்தார். கூடவிருந்து கட்டியவர்களில் ஒருவர், அவருடைய டோக்கியோ அலுவலகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் மரச்சாமான் செய்வதில் பெரிய பேர் வாங்கியவர்.

அந்தக் கட்டடம் முழுக்கக் கான்கிரீட். ஜப்பானியக் கூரை கிடையாது, காகிதக் கதவு கிடையாது. வெளிச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில், வடக்கிலும் தெற்கிலும் திறந்து மூடும் படுக்கைத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே தேக்கில் செய்த சறுக்குக் கதவுகள். கியோட்டோ வீடு ஜூனில் கதவை மாற்றிச் செய்கிற வேலையை இங்கே அந்தத் தகடுகள் செய்கின்றன. சுவர் திறக்கலாம், வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடலாம் என்பதைத்தான் ரேமண்ட் ஜப்பானிலிருந்து எடுத்து வந்தார்.

விமானம் ஏறுவதற்கு முன்னால் பாண்டிச்சேரிக்கு ஒரு நடை போய், தெருவில் நின்றாவது அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். டேப்பு நான் வாங்கித் தருகிறேன்.