தலையை எண்ணி ரோடு!

ஒரு கிராமத்துக்கு ரோடு வருமா, வராதா? அதை முடிவு செய்வது அந்த ஊரின் ஜனத்தொகைதான்!

மத்திய சர்க்கார், பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தை 2000-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி தொடங்கியது. மழைக் காலத்திலும் வண்டி ஓடும் ரோடு போடுவதே அதன் நோக்கம்.

500 பேர் வேண்டும்

முதலில் 2001-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்தார்கள். சமவெளி ஊர் என்றால் 500 பேர் இருக்க வேண்டும். மலை மாநிலம், பாலைவனம், பழங்குடியினர் பகுதி என்றால் 250 பேர் போதும்.

499 பேர் உள்ள ஊரின் கதி? அதற்கும் வழி உண்டு. சமவெளியில், சுற்றிலும் 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம்.

தனித்துக் கிடக்கும் சிற்றூர் என்ன செய்யும்? அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், தூளி கட்டித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்!

புதுக் கணக்கு

2024 செப்டம்பரில் 4-வது கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 25 ஆயிரம் குடியிருப்புகளுக்கு 62,500 கிலோ மீட்டர் ரோடு! இதற்கு 2011-ம் ஆண்டுக் கணக்கு. 2001-ல் 480 பேர் இருந்த ஊர், 2011-ல் 500-ஐ எட்டியிருந்தால் தகுதி பெறும்.

ஆகவே, கணக்கெடுக்க வருகிறவரிடம் தொட்டில் குழந்தையையும் மறக்காமல் சொல்லுங்கள். ரோட்டுக்கு அதுவும் ஒரு தலைதான்!