போலீஸ் கையில் ஸ்கிரிப்ட்... கலைவாணர், எம்.ஆர்.ராதா காலத்து காமெடிக்கு செக்போஸ்ட் போட்ட சட்டம் எது?

காலை ஷிஃப்ட் நேரம். சூலூர்பேட்டையிலிருந்து வரும் மின்சார ரயில் எளாவூர் ஸ்டேஷனில் நிற்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள், சென்னை வரை போகிறவர்கள் என எல்லார் கையிலும் போன். ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டே போனால் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம் எப்படியும் வந்துவிடும். கரகர குரல், சட்டெனக் கீச்சுக்குரல், முகத்தில் ஒரு நக்கல். எம்.ஆர்.ராதா. 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தின் காட்சிகள் 70 வருஷம் தாண்டியும் மீம் டெம்ப்ளேட்டாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதே 1954-ல்தான் சென்னை மாகாணச் சட்டமன்றம் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டது. அதன் முக்கியக் குறி இதே ராதாதான் என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் போய் ஏழு வருஷம் ஆன பிறகு நடந்தது இது.

எளாவூர்க்காரர்களுக்கு செக்போஸ்ட் புதிதில்லை. ஆந்திர எல்லை தாண்டி வரும் லாரி பேப்பரைக் காட்டாமல் உள்ளே வர முடியாது. மேடையில் சிரிக்க வைக்கிறவர்களுக்கும் அப்படி ஒரு செக்போஸ்ட் இருந்தது. எளாவூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலை நேராகக் கொல்கத்தா போகிறது. கதையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இளவரசர் வந்தார், பின்னாலேயே சட்டம் வந்தது

1875 கடைசியில் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் மன்னர் ஏழாம் எட்வர்ட்) கல்கத்தா வந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற வழக்கறிஞர் அவரைத் தன் வீட்டுக்கே அழைத்து, வெளியாட்கள் முன் வராத வீட்டுப் பெண்களை விட்டு வரவேற்கச் செய்தார். ஊர் முணுமுணுத்தது. கிரேட் நேஷனல் தியேட்டர் குழு உடனே இதை வைத்து ஒரு கேலி நாடகம் போட்டது. பெயர், 'கஜதானந்தனும் இளவரசரும்'.

போலீஸ் தடுத்தது. குழு பெயரை 'அனுமன் சரித்திரம்' என்று மாற்றி மறுபடி மேடையேற்றியது. அதற்கும் தடை வந்ததும் அடுத்த இலக்கு போலீஸ். அப்போதைய கமிஷனர் பெயர் ஹாக், சூப்பிரண்டு பெயர் லாம்ப். ஒன்று பன்றியை நினைவுபடுத்தும், இன்னொன்றுக்கு ஆட்டுக்குட்டி என்றே பொருள். விடுவார்களா? 'பன்றி-ஆட்டு போலீஸ்' என்று ஒரு நாடகம் தயாரானது.

1876 பிப்ரவரியில் வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அது நாடக நிகழ்த்துச் சட்டமாக நிலைத்துவிட்டது. அவதூறான, அரசுக்கு எதிராக உணர்ச்சியைத் தூண்டும் நாடகம் என்று தோன்றினால் தடை செய்யலாம். நீல விவசாயிகளின் துயரத்தைச் சொன்ன 'நீல் தர்ப்பண்' போன்ற சீரியஸ் நாடகங்களும் ஆங்கிலேயர்களை ஏற்கெனவே எரிச்சல்படுத்தியிருந்தன. ஆனாலும் கடைசியாகப் பேனாவை எடுக்க வைத்தது ஒரு காமெடி.

முருகன் வேஷத்தில் கைது

சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. எழுதிய வசனத்தைத்தான் போலீஸ் படிக்க முடியும். மேடையில் அந்த நிமிஷம் முளைக்கும் வார்த்தையை எப்படிப் பிடிப்பது?

தமிழ்நாட்டில் இந்த ஓட்டையில் அதிகம் புகுந்து விளையாடியவர் எஸ்.எஸ்.விசுவநாததாஸ். அவர் நடித்தது 'வள்ளி திருமணம்' மாதிரியான புராண நாடகங்கள். அதில் தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே அவர் 'கொக்குப் பறக்குதடி' பாட்டைச் சேர்த்தார். கொக்கு வெள்ளை நிறம், வெளியூரிலிருந்து வந்து மேய்கிறது. யாரைச் சொல்கிறார் என்பது கொட்டகையில் இருக்கும் கடைசி ஆளுக்கும் புரியும். எழுதிக் கொடுத்தால் அது கொக்கு, பாடினால் அது வெள்ளைக்காரன்.

பலமுறை கைதானார். முருகன் வேஷத்தோடே கைது செய்யப்பட்டதும் உண்டு. 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக நடித்துக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் பிரிந்தது.

வில்லுப்பாட்டிலிருந்து வந்த கலைவாணர்

என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்தது 1908 நவம்பர் 29-ல், நாகர்கோவில் ஒழுகினசேரியில். அன்றைக்கு அது திருவிதாங்கூர் மன்னர் ஆண்ட பூமி. அவருக்கு முதல் பள்ளி வில்லுப்பாட்டு. வில்லடிப்பவர் கதை சொல்ல, கூட இருப்பவர் 'ஆமா' போட்டு இடையில் குறுக்குக் கேள்வி கேட்க, கதை கோயிலிலிருந்து கிளம்பி ஊர் வம்பு வரை போய்த் திரும்பும். இன்றைக்கு ஸ்டாண்ட்-அப் மேடையில் கூட்டத்தோடு பேசிக்கொண்டே போகிறார்களே, அதுக்கு நம்ம ஊர் மூத்த அண்ணன் இதுதான்.

டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் இருந்தபோது 1931-ல் 'தேசபக்தி' மேடையேறியது. வெ.சாமிநாத சர்மா எழுதிய 'பாணபுரத்து வீரன்' நாடகம்தான் அது. தடை இருந்ததால் பெயர் மாறி வந்தது. கல்கத்தாக்காரர்கள் பண்ணிய அதே வேலை. அந்த நாடகத்துக்குள் என்.எஸ்.கே. காந்தி கதையை வில்லுப்பாட்டாகச் சொன்னார்.

1936-ல் 'சதிலீலாவதி' மூலம் சினிமாவுக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் டி.எஸ்.பாலையாவுக்கும் அதுவே முதல் படம். டைரக்டர் எல்லிஸ் ஆர்.டங்கன் தமிழ் தெரியாத அமெரிக்கர். அடுத்தடுத்த வருஷங்களில் என்.எஸ்.கே.யும் டி.ஏ.மதுரமும் தங்கள் குழுவோடு காமெடிப் பகுதியைத் தாங்களே யோசித்து, தனியாகப் படமாக்கி, மெயின் கதையோடு சேர்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். படத்தின் ஹீரோ கதை புராணமாக இருக்கும். நடுவில் வரும் இவர்கள் ஜாதி, மூடநம்பிக்கை, குடி என்று சமகாலத்தைப் பேசிவிட்டுப் போவார்கள்.

ஆனால் சினிமாவில் விசுவநாததாஸ் வித்தை செல்லாது. எடுத்த ஃபிலிமில் புதிதாக எதுவும் முளைக்காது, வெட்டத்தான் முடியும். 1918-ல் சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்து, 1920-ல் சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தது. தலைமை, போலீஸ் கமிஷனர். கே.சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' 1939-ல் வெளியாகி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கல்கியின் கதை, காந்திய வாசம் தூக்கலாக இருக்கும் படம். அந்த ஆண்டு அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்து ஆட்சி கவர்னர் கைக்குப் போனது. அதன்பின் படத்துக்குத் தடை விழுந்தது. தணிக்கை கொடுத்த அனுமதிக்கு அவ்வளவுதான் ஆயுள்.

என்.எஸ்.கே. சிறை போனது ஜோக்குக்காக இல்லை. நடிகர்களைப் பற்றி அவதூறு எழுதிய 'இந்துநேசன்' பத்திரிகையின் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ல் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கே., கோவை பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மிச்சம் இருந்தது லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் மட்டுமே. தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த ஒருவரின் கதி ஏழு கடல் தாண்டி முடிவாக வேண்டியிருந்தது. அது வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்ல, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அந்த ரெண்டேகால் வருஷமும் வழக்குக்காக அலைந்தவர் மதுரம்.

சுதந்திரத்துக்கு நான்கு மாதம் முன்பு வெளியே வந்தவர் 1949-ல் 'நல்லதம்பி' எடுத்தார். கதை, வசனம் அண்ணா. அதில் வரும் 'கிந்தனார்' காலட்சேபம் நந்தனார் கதையைப் புரட்டிப் போட்டது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துத் திரும்புகிறான். யாரையும் திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு எங்கே தைக்கிறதோ அங்கே தைத்தது. 1951-ல் 'மணமகள்', 1952-ல் 'பணம்' என்று இயக்குநராகவும் நின்றார். இரண்டுக்கும் வசனம் கருணாநிதி. 1957 ஆகஸ்ட் 30-ல் காலமானபோது வயது 48தான்.

ராதாவுக்காக ஒரு சட்டம்

என்.எஸ்.கே. ஊசி போட்டார் என்றால் ராதா கத்தியே வைத்தார். அன்றைய பேப்பரில் வந்த செய்தி அன்று இரவே அவர் வசனத்தில் வரும். முன் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களும் வருவார்கள். ஒரே நாடகத்தை நாலு நாள் பார்த்தால் நாலு விதமாக இருக்கும்.

பெரியாரின் கருத்தை எடுத்துக்கொண்டு அவர் போட்ட 'ராமாயணம்' கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. காமராஜர் ஆட்சிக்கு வந்த அதே 1954-ல் சென்னை நாடக நிகழ்த்துச் சட்டம் நிறைவேறியது. ஆட்சேபகரமான நாடகம் என்றால் அரசு தடுக்கலாம், ஸ்கிரிப்டைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். 1876-ன் வாடை அப்படியே அடித்தது. ராதா கைது, வழக்கு எல்லாம் பார்த்தார், நாடகத்தை விடவில்லை. ஆனால் தினமும் மாறும் வசனத்துக்கு எந்த ஸ்கிரிப்டைக் கொடுப்பது? அந்தச் சட்டத்தின் கனம் அங்கேதான் இருந்தது. ஒரு குறிப்பிட்ட வசனத்தைவிட, அந்த நிமிஷம் தோன்றுவதைப் பேசும் உரிமையையே அது தொட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் வந்த 'ரத்தக்கண்ணீர்' படம் தணிக்கை முடிந்து ஜோராக ஓடியது. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, 'நல்லதம்பி'யின் அதே ஜோடி. மேடையில் ஆபத்தானவர், ஃபிலிமுக்குள் வந்ததும் பரவாயில்லை ஆகிவிட்டார். இன்றைக்கு மீமாக வருவது அந்த ஃபிலிம் ராதா. மேடை ராதா பார்த்தவர்களோடு போய்விட்டார்.

அல்ஜீரியாவிலும் இதே கதை

பிரான்ஸின் பிடியில் இருந்த அல்ஜீரியாவில் 1926-ல் அல்லாலு என்பவர் 'ஜ்ஹா' என்ற நகைச்சுவை நாடகம் போட்டார். ஜ்ஹா அந்த ஊர்த் தெனாலிராமன். இலக்கண அரபியை விட்டுவிட்டு, தெருவில் பேசும் பேச்சிலேயே நாடகம் நடந்ததால் கூட்டம் அள்ளியது. பின்னால் வந்த ரஷீத் க்சென்தினி, ராதா மாதிரியே மேடையில் அப்போதைக்கப்போது இட்டுக்கட்டிப் பேசுவதில் கில்லாடி.

1962-ல் விடுதலை. ஆறு வருஷம் கழித்து 'ஹசன் டெர்ரோ' என்ற படம் வந்தது. ருயீஷத் நடித்த ஹசன் ஒரு பயந்தாங்கொள்ளி. தற்செயலாகப் பெரிய போராளி என்று பேர் வாங்கி மாட்டிக்கொள்கிறான். லட்சக்கணக்கானோர் செத்த போரைப் பற்றிச் சிரிக்க அந்த நாட்டுக்கு ஆறு வருஷம் போதுமாக இருந்தது. போர் முடிந்த நாட்டில் வீரக்கதை கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுக்கு, பயந்த ஒருவனைத் திரையில் பார்ப்பது நிம்மதியாக இருந்திருக்கும்.

செக்போஸ்ட் எப்போது போனது?

தமிழ்நாட்டில் 1954 சட்டம் யார் ஆட்சிக்கு வந்தாலும் அசையவில்லை. நாடகத்தால் வளர்ந்தவர்கள் கோட்டையில் உட்கார்ந்த பிறகும் அப்படியே இருந்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கசக்கிற சட்டம், ஆளும்போது கைக்கு அடக்கமாகத்தான் இருக்கும்போல. நாடகம் போடணும்னா ஸ்கிரிப்டை போலீஸிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் சென்னையில் 2000-களிலும் தொடர்ந்தது.

அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர் 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி. 2013 ஜனவரியில் நீதிபதி கே.சந்துரு, சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று தீர்ப்பளித்தார். ராதாவுக்காகப் போட்ட பூட்டு திறக்க 59 வருஷம் ஆனது. ராதா இறந்தே 33 வருஷம் ஆகியிருந்தது. 1876 சட்டத்தை நாடாளுமன்றம் ஒழித்து அது அமலுக்கு வந்தது 2018-ல். அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஞாநியும் காலமானார்.

2020 செப்டம்பரில் கொரோனா காரணமாக இடைவெளி விட்டு உட்கார, தமிழகச் சட்டமன்றம் கோட்டையிலிருந்து வெளியே வந்து கூடியது. எங்கே தெரியுமா? கலைவாணர் அரங்கத்தில்.

அப்போ இனி யாரும் எதையும் கேலி செய்யலாமா?

சினிமாவுக்கு 1952 சினிமாட்டோகிராஃப் சட்டமும் தணிக்கையும் இருக்கின்றன. மேடை காமெடிக்கு முன் அனுமதி ஸ்கிரிப்ட் கிடையாது, வழக்கு உண்டு. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனாவர் ஃபரூக்கி நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே கைதானார். அன்று அவர் சொல்லாத ஜோக்குக்காகக் கைது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்த பிறகே வெளியே வந்தார். அவர் மீது போடப்பட்டவற்றில் ஒன்று, மத உணர்வைப் புண்படுத்துவது தொடர்பான 295ஏ பிரிவு. பிரிட்டிஷ் அரசு 1927-ல் சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதன் எண் 299.